பழைய விலைக்கு நான்கு டன்

எங்கள் வீட்டில் காலையில் ரொட்டி வாங்குவது என் மனைவிக்காகத்தான். எனக்கு அது தொண்டையில் இறங்காது. அன்றும் அவள் கவரைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் வெறும் கவரை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். துணிக்கடைக்காரர் போகிற வருகிறவரின் சட்டையைக் கண்ணால் தடவுவதுபோல நான் கவர்களைத் தடவுவேன். கண்ணாடி மாதிரி இருந்தது. புள்ளி இல்லை, கலங்கல் இல்லை. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து ஊதினால் இந்தத் தெளிவு வராது. சுத்தமான புதுக் குருணை. ஓரத்தில் அச்சடித்திருந்த தேதி முந்தாநாளுடையது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் முதல்.

என் தொழில் உங்களுக்குப் புரிய வேண்டும். நான் பிளாஸ்டிக் குருணை விற்கிறவன். அரிசியைவிடக் கொஞ்சம் பருமனாக, வெள்ளையாக இருக்கும். கவர் ஊதுகிறவர்கள், பாட்டில் போடுகிறவர்கள், மூடி அடிக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் உருக்குகிறார்கள். நான் கொடுக்காவிட்டால் அவர்கள் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் ரொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். யாரும் இதை யோசிப்பதில்லை.

குருணை தயாரிக்கிற பெரிய ஆலைகள் எங்களுக்கு இரண்டுதான். ஒன்றில் கொதிகலன் வெடித்து மூடிவிட்டார்கள். மற்ற ஆலை ஒரு கடிதம் அனுப்பியது. போன வருடம் வாங்கியதில் பாதிதான் தருவோம், லாரி கிளம்புகிற நாளில் என்ன விலையோ அதுதான் விலை என்று. அதையே நான் கொஞ்சம் இதமான மொழியில் என் நாற்பது வாடிக்கையாளர்களுக்கும் எழுதினேன். ‘தற்போதைய வரத்து நிலவரத்தை முன்னிட்டு’ என்று தொடங்குவேன். எனக்கு அந்த வரி பிடிக்கும். அதில் யார்மேலும் குற்றம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

நான் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. கொதிகலன் வெடிப்பதற்கு முன் வாங்கிய சரக்கு முந்நூறு டன் என்னிடம் இருந்தது. குடோனில் பாதி, பின்னால் நிற்கிற சைலோவில் கொஞ்சம், ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த கொட்டகையில் மீதி. சைலோ என்றால் மூன்று மாடி உயர அலுமினியத் தொட்டி. மேலே ஆள் நுழைகிற வாய், கீழே புனல், புனலின் முனையில் வால்வு. அவ்வளவுதான். அந்தச் சரக்கை உடனே வெளியே விட்டால் என்ன ஆகும்? எல்லோரும் முட்டி மோதிப் பதுக்குவார்கள். சின்ன ஆட்கள் நசுங்குவார்கள். அதனால் பொறுப்புள்ளவன் செய்வதைச் செய்தேன். இல்லை என்றேன். திங்கட்கிழமைதோறும் விலையை ஏற்றி, சொட்டுச் சொட்டாக விட்டேன்.

கவர் அக்கா என் ஆபீசுக்கு வந்தது அந்த நாட்களில்தான். ஊரில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறு மெஷின், பதினோரு பெண்கள் வேலைக்கு. ரொட்டிக் கவர் மட்டும் ஊதுகிறவள். புருஷன் இல்லை. பதினாலு வருடமாக என் வாடிக்கை.

“நாலு டன் போதும் அண்ணா. ஒரு மாசம் ஓட்டிடுவேன்.”

“இருந்தா குடுக்க மாட்டேனாம்மா? குடோன் துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு.”

அவள் பார்வை என் கால்சட்டையின் கீழ் மடிப்பில் நின்றது. நான்கைந்து வெள்ளைக் குருணைகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

“துடைச்சதெல்லாம் உங்க காலுக்கு வந்திருச்சு போல,” என்றாள்.

நானும் சிரித்தேன். நகைச்சுவைக்குச் சிரிக்கத் தெரிந்தவன் நான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த என் மச்சினன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான்.

மச்சினன் என் மனைவியின் தம்பி. குடோன் அவன் பொறுப்பு. சின்னவர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தெட்டு வயதிலும் கல்யாணம் வேண்டாம் என்று எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்தவன். வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள், அவனைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

ஆக, ரொட்டிக் கவர். அந்தப் புதுக் குருணை அவளுக்கு எங்கிருந்து வந்தது? ஊரில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் கை கழுவிக்கொண்டு குடோனுக்குப் போனேன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மீசையைத்தான் முதலில் கேட்டேன். நல்ல ஆள், வாய் மட்டும் பூட்டுப் போட்டது. தெரியாது சார் என்றான். அவனை வண்டியின் முன்னால் நிற்கச் சொல்லி, நான் ஏறி உட்கார்ந்தேன். ஒன்றரை டன் மூட்டை ஏற்றிய மரத்தட்டை அவன் வலது காலின்மேல் மெதுவாக இறக்கினேன். முனையில் இரும்பு வைத்த பூட்ஸை நான்தான் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. இரும்பு உள்பக்கமாகக் குழிகிற சத்தம் வந்தபோது சொல்லிவிட்டான். சின்னவர்தான் ஏற்றச் சொன்னார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு டன், பழைய விலைக்கு. இன்னும் நாலு டன் தருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறார். மீசைக்கு ஒரு விரல் நகம்தான் போனது. இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தேன்.

பிறகு கவர் அக்காவின் பட்டறைக்குப் போனேன். பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் சீல் போடுகிற மெஷினுக்கு முன்னால் தனியாக நின்றிருந்தாள். அந்த மெஷினை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊதி வந்த குழாய்ப் படலம் அதற்குள் போகும். சூடேறிய இரும்புப் பட்டை நிமிடத்துக்கு எண்பது தடவை மேலிருந்து இறங்கி, வெட்டி, ஓரத்தை ஒட்டிவிடும். என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தாள்.

“வாங்க அண்ணா. சின்னவர் சொல்லிட்டாரா?”

சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். நான் அவளிடம் நிலைமையை விளக்கினேன். ஒருத்தருக்குப் பழைய விலைக்குக் கொடுத்தால் முப்பத்தொன்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அவள் சொன்னாள், “உள்ளதை ஒளிச்சு வச்சிட்டு இல்லைன்னீங்களே, அதுக்கு என்ன பதில் சொல்வீங்களோ அதையே சொல்லுங்க.”

நான் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பட்டைக்கு அடியில் வைத்தேன். பட்டை நான்கு தடவை இறங்கியது. நிமிடத்துக்கு எண்பது என்றால் மூன்று விநாடிதான். சிலர் அதைப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. சூடு இருந்ததால் ரத்தம் அதிகம் வரவில்லை, வெட்டிய இடத்தை அதுவே ஒட்டிவிட்டது. மெஷினை நிறுத்தியது நான்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். தரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாளே தவிர, கத்தவில்லை. போலீசுக்குப் போனால் இந்த ஊரில் ஒரு வியாபாரியும் உனக்கு ஒரு மூட்டை தர மாட்டான், பதினோரு பெண்களின் அடுப்பை நினைத்துக்கொள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் கை தவறி மாட்டிக்கொண்டது என்றே எழுதிக் கொடுத்தாள். புத்திசாலி. மறுநாள் அவளுக்கு ஐந்து மூட்டை அனுப்பினேன், அந்த வார விலைக்கு.

அதோடு முடிந்திருக்கும். முடித்துவிடத்தான் நான் நினைத்தேன்.

ஆனால் மச்சினன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்திருக்கிறான். ஊரை ஏமாற்றியவள் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு விடுமுறை. மத்தியானம் ஒரு மணி நேரம் நான் மட்டும் போய்ப் பூட்டுகளைப் பார்த்துவிட்டு வருவேன். அன்று போனபோது கேட் திறந்திருந்தது. அவன் ஸ்கூட்டர் நிழலில் நின்றது. ஆளைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சைலோவின் உச்சியில் நிற்கிறான். ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் போன். சைலோவின் மேல்வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிற சரக்கைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஏணியில் நானும் ஏறினேன். எனக்கு முட்டி வலி உண்டு. மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

“என்னப்பா, வெயில்ல?”

“குடோனை எடுத்துட்டேன். கொட்டகையை எடுத்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி,” என்றான். “நாளைக்குக் காலைல நாப்பது பேருக்கும் அனுப்பிடுவேன் அத்தான். எல்லாருக்கும் பழைய விலைக்குச் சரக்கு போகும். கவர் அக்காவுக்கு நாலு டன் முதல்ல.”

“உக்காந்து பேசுவோம்.”

“ஒரு பொம்பளை கையை மெஷின்ல வச்சிருக்கீங்க. எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா உங்க முகத்துல முழிப்பாளா?”

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. குடும்பத்துக்குள் விலை பேசுவது எப்போதும் சங்கடம்தான். அவனுக்குப் பாதிப் பங்கு தருகிறேன் என்றேன். அவன் என்னை ஏதோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கடைசிப் படம் எடுக்க மறுபடி மேல்வாய்க்குள் தலையை நீட்டினான்.

சரக்கின் மட்டம் அளக்க மேலே ஒரு நாடா தொங்கும். அதன் நுனியில் இரும்புக் குண்டு, தேங்காய் மூடி அளவு. அதை எடுத்துப் பிடரியில் அடித்தேன். இரண்டாவது தடவையும் அடித்தேன், ஏனென்றால் முதல் அடியில் அவன் “என்ன?” என்று திரும்ப முயன்றான். உடம்பு பாதி உள்ளே மடங்கிவிட்டது. மிச்சத்துக்கு அவன் கால்களை நான்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது.

செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். குருணை மெத்தை மாதிரி என்பதை மறந்துவிட்டேன். எட்டிப் பார்த்தால், இரண்டு ஆள் ஆழத்தில், தொடை வரை புதைந்து உட்கார்ந்திருக்கிறான். தலையிலிருந்து ரத்தம் வழிந்து வெள்ளைக் குருணையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அத்தான், கை ஒடிஞ்சிருச்சு. ஒரு கயிறு போடுங்க.”

நான் தள்ளிவிட்டேன் என்பது அவனுக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோலப் பேசினானா, தெரியவில்லை.

“கொஞ்சம் பொறு. கீழே போயிட்டு வரேன்,” என்றேன்.

கீழேதான் போனேன். அதில் பொய் இல்லை.

புனலின் அடியில் ஒரு ஜம்போ பையை மாட்டினேன். ஒரு டன் பிடிக்கிற பெரிய பை, நாலு காது வைத்தது. வால்வைத் திறந்தேன். தகரக் கூரையில் மழை பிடித்தமாதிரி சத்தம். நீங்கள் சைலோவில் குருணை இறங்குவதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஓரத்தில் இருப்பது அசையாது. நடுவில் மட்டும் ஒரு குழி விழும். நடுவில் இருக்கிற எதையும் அது கீழே இழுக்கும். திமிறத் திமிற வேகமாக இழுக்கும். சேற்றிலாவது பிடிமானம் இருக்கும், இதில் கையை ஊன்றினால் கையும் உள்ளே போகும். அவனுக்கும் இது தெரியும். வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது அவன்தான்.

முதல் பை நிரம்புகிறவரை அவன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். அத்தான் என்று இல்லை, பெயரைச் சொல்லி. அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. பை மாற்ற வால்வை இரண்டு நிமிடம் மூட வேண்டும். மூடியதும் சத்தம் நின்றுவிடும். அவன் ஏதோ நம்பிக்கை கொண்டிருக்க வேண்டும். குரல் உடனே இறங்கிக் கெஞ்சத் தொடங்கியது. “போட்டோவை அழிச்சிடறேன் அத்தான். சத்தியமா யாருக்கும் சொல்ல மாட்டேன். நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு.” நான் இரண்டாவது பையை மாட்டித் திறந்தேன். மூன்றாவது பைக்கு மூடியபோது பேச்சு இல்லை, அலுமினியத்தை எதனாலோ தட்டுகிற சத்தம் மட்டும். நான்காவது பைக்கு அதுவும் இல்லை.

நான் அவசரப்படவில்லை. ஜம்போ பையை அவசரமாகக் கட்டினால் வாய் பிரிந்து கொட்டிவிடும். தரையில் சிந்திய குருணையில் கால் வைத்தால் வழுக்கி இடுப்பு முறியும். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதுமே கறார். ஒவ்வொரு பையையும் ஃபோர்க்லிஃப்ட்டில் எடுத்துச் சுவரோரம் வரிசையாக வைத்தேன். ஏழாவது பை பாதி நிரம்பியபோது வரத்து நின்றது. வால்வு முழுக்கத் திறந்திருந்தும் ஒரு குருணைகூட விழவில்லை. அடைப்பு. என்ன அடைப்பு என்று எனக்குத் தெரியும். மூடிவிட்டுக் கை கழுவினேன். ஸ்கூட்டரை உள்ளே தள்ளி வைத்தேன்.

வீட்டில் மனைவி எனக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். ஒரு கப்பல் சரக்கு வருகிறது, விலை பேசத் தம்பியைத் துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன்.

“மாத்துத் துணிகூட எடுக்காமலா போயிட்டான்?”

“அங்கே வாங்கிக்குவான்.”

அவள் நம்பினாள். அவன் அப்படிக் கிளம்பிப் போகிறவன்தான்.

திங்கட்கிழமை காலையில் கவர் அக்கா போன் செய்தாள். இடது கையால் போனைப் பிடித்திருந்தாளோ என்னவோ, குரல் தள்ளித் தள்ளிக் கேட்டது. “சின்னவர் இன்னைக்கு நாலு டன் வரும்னு சொல்லியிருந்தார். அவர் போன் எடுக்கல,” என்றாள். அண்ணா என்கிற வார்த்தை இல்லை. சரக்கு இல்லை என்று சொன்னால் அவள் ஊரெல்லாம் அவனைத் தேடுவாள். அதோடு, அவன் கொடுத்த வாக்கு. எங்கள் குடும்பத்தின் வாக்கு. சுவரோரம் நின்ற பைகளில் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த நான்கை ஏற்றச் சொன்னேன். பழைய விலைக்கே. மற்ற வியாபாரிகள் இதைச் செய்திருப்பார்களா என்று நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

பைகளை நான் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடுக்கியிருந்தேன். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவை கடைசியாக நிரம்பியவை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. நல்ல காரியம் செய்கிறபோது மனிதன் கவனம் குறைந்துவிடுகிறான்.

புதன்கிழமை அவள் மெஷினில் சரக்கு இறங்குகிற வாயில் எதுவோ கடகடத்தது. இரும்புத்துண்டு எதுவும் உள்ளே போய்விடாமல் பிடிக்க அங்கே ஒரு காந்தச் சட்டம் உண்டு. அதில் ஒரு சாவிக்கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ‘சைலோ மேல்வாய்’ என்று தகட்டில் மச்சினனே ஆணியால் கீறி எழுதியது. வளையத்தில் கொஞ்சம் முடியும், காய்ந்த ரத்தமும். அவள் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பதினாலு வருட வாடிக்கை. நான் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன். அவள் ஆறு மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். எனக்கு அது மனத்தாங்கல்தான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சைலோவின் புனலை வெட்டினீர்கள். மீசைதான் நொண்டிக்கொண்டே உள்ளே போய் அவனைத் தாங்கி எடுத்தான். கால்கள் இரண்டும் வால்வின் வாயில் செருகி, கை ஒன்று தலைக்கு மேலே நீட்டியபடி இருந்தது. வாயிலும் மூக்கிலும் குருணை. மீசை அதை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துக்கொண்டே அழுதான். நீங்கள் என் கையில் விலங்கு மாட்டியபோது என் போன் ஒலித்தது, ஞாபகம் இருக்கிறதா? மூடிய ஆலை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம். அன்று சாயங்காலமே விலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. மூன்று நாள். அவன் மூன்று நாள் பொறுத்திருந்தால் அவன் விரும்பியதே தானாக நடந்திருக்கும். இளம் ரத்தம், பொறுமை இல்லை.

நேற்று என் மனைவி என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், உட்காரவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவன் கூப்பிட்டானா?”

“இல்லை. விழுந்த உடனே போயிட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது,” என்றேன்.

அவள் தாலியைக் கழற்றிக் கம்பி இடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் சொன்னது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிடத்துக்குமேல் கூப்பிட்டான். ஆனால் அந்த உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கல்மனசு எனக்குக் கிடையாது. அன்றைக்கு ஏணியில் இறங்குவதற்கு முன்னால், அவன் என்னைப் பார்த்து நல்ல கையை நீட்டிக்கொண்டிருந்தபோது, நான் சைலோவின் மேல்மூடியை இழுத்துச் சாத்திவிட்டு வந்ததும் அதனால்தான்.